பூட்டில்லாத கடை

அன்பு மகளே,

இங்கே நானும் கடையும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைக்காத பொழுதில்லை. "எப்பம்மா வருவே, இந்தத் தடவையும் கடையைச் சொல்லித் தட்டிக்கழிக்காதே" என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. கால் வீங்குகிறது என்கிறாயே, உட்காரும்போது தொங்கப்போடாதே, முக்காலியில் தூக்கி வை. மாப்பிள்ளையைச் சமைக்கச் சொல், கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

கடையைச் சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறாய். நீ பாதிக் கதைதான் கேட்டிருக்கிறாய். பாலம் இல்லாத காலத்தில் உன் அப்பாவின் முப்பாட்டனார் ஓடத்துறைக்கு வருகிறவர்களை நம்பி இந்த மதுக்கடையைப் போட்டார். ஒரு மழைக்காலத்தில் அவர் பூட்டிவிட்டுத் தூங்கியபோது, ஓடம் கவிழ்ந்து நீந்திக் கரையேறிய ஒருவன் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து வாசலிலேயே விறைத்துச் செத்துப்போனான். மறுநாளே மனிதர் பூட்டைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார். கதவுக்குப் பூட்டு கூடாது, நனைந்து வருபவனுக்கு அடுப்பு மூட்ட வீட்டு ஆள் ஒருவர் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும் என்றார். அந்தக் கதவை நம்பித்தான் கடையைச் சுற்றி ஊரே வந்தது. வெள்ளம் வந்தால் எல்லோரும் நம் மாடியில்தான். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளை உன் தாத்தா ஒரே பெஞ்சில் உட்காரவைப்பார், ராசியாகும்வரை எழுந்திருக்க விடமாட்டார். பள்ளிக்கூடக் கூரை விழுந்தபோது நீ எழுத்துப் பழகியது நம் பீப்பாய்களுக்கு நடுவில், குடிக்க வந்தவர்களும் கூடச் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். ஆனால் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்றால் ஒருவர் எங்கேயும் வரமாட்டார் என்றுதானே அர்த்தம். உன் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன அன்று, நீ வந்து சேருமுன், நானும் இந்த வாசற்படியைத் தாண்டாமல்தான் நின்றேன்.

இப்போது பாலம் வந்துவிட்டது, ஓடத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள், நனைந்து வருபவர் யாரும் இல்லை. தினமும் வருவது ஓடக்காரர், தச்சர், உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், இவர்கள்தான். உன் கடிதத்தை நான் அழுதுகொண்டு படித்ததைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் கூடிக் கூடிப் பேசினார்கள். போன வாரம் தச்சர் நம் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டார். லேசாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறது, அப்படி ஒரு வேலை. "அண்ணி, இனி நிம்மதியா மூடிட்டுக் கெளம்புங்க" என்றார். முப்பாட்டனார் எறிந்ததை நீங்கள் மாட்டுகிறீர்களா என்று சத்தம் போட்டேன். பிறகு ஆசை யாரை விட்டது, வெளியே வந்து கதவைச் சாத்திப் பார்த்தேன். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது! இந்தக் கதவை வெளியே நின்று மூடிவிட்டுப் போனவர் இதுவரை யாரும் இல்லை, அதனால் மூன்று மண்டையிலும் அது உதிக்கவே இல்லை. வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார், தச்சர் முகம் சுண்டிப்போயிற்று. ஓடக்காரர்தான் "அப்ப உள்ள யாராச்சும் இருந்துதானே ஆகணும், நாங்க இருக்கோம்" என்றார். வீட்டு ஆள்தானே இருக்க வேண்டும் என்றேன். "இத்தன வருஷமா இங்கயே கெடக்கோம், நாங்க யாரு அண்ணி?" என்று கேட்டார்.

அதனால் வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. குழந்தை பிறந்து உனக்கு உடம்பு தேறும்வரை இருப்பேன், நீ துரத்தினாலும் போகமாட்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பதை எழுதினால் நீ அழுவாய், இப்போது நீ அழக்கூடாது.

நீயும் பிள்ளையும் நூறாண்டு நன்றாக இருங்கள். மறந்துவிடாதே, வருகிற வெள்ளிக்கிழமை காலை ரயில். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நீ ஸ்டேஷனுக்கு வராதே, மாப்பிள்ளையை மட்டும் அனுப்பு. இல்லை, நீயும் வா. இறங்கியதும் உன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்
உன் அம்மா