பொட்டு வைத்த கார்டு

சேர்வராயன் துணை

மஞ்சக்குட்டை
17.2.1999

சித்தனுக்கு அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லை, மாடு கன்றுகளும் சுகம், நீயும் சார்ஜாவில் வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தாயிற்று. இனி எழுதப் போவதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும், வரட்டும், எனக்கு வந்த கோபமே இன்னும் தணியவில்லை.

காப்பி பறித்து முடிந்து களத்தில் காய்கிறது. இந்த வருசம் காய் சிறுத்துவிட்டது, அதைப் பற்றி உனக்கு என்ன கவலை. உன் தங்கை அத்தாயி சங்கதிக்கு வருகிறேன். ஏற்காட்டில் அறை பிடித்து, கம்ப்யூட்டரில் கட்டிட பிளான் வரைகிறாளே, அதில் பெரிய பிளானாக இருந்தால் ஒரு மூலையைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டு அவள் போய் டீ குடித்துவிட்டு வரலாம், அதற்குள் கோடுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்த சேலம் கடைக்காரர் சேகர், கிராபிக்ஸ் கார்டை மாற்றி மெமரியும் கொஞ்சம் கூட்டினால் போதும் என்று சொல்லி, அவள் கைக்கு எட்டும் விலையில் ஒரு கார்டை எடுத்தே வைத்திருந்தார். கேம்ஸ் அதில் சுமாராகத்தான் ஓடுமாம், ஆனால் மெல்லிய கோடும் சின்ன எழுத்தும் பிசிறில்லாமல் தெரியுமாம், அவளுக்கு வேண்டியது அதுதானே. நீதான் போனில் குறுக்கே விழுந்தாய். "சேலத்துக்காரனுக்கு என்ன தெரியும், நான் இங்கிருந்து ஒசத்தியா அனுப்பறேன்" என்றாய். எந்த மாதிரி இடுக்கில் சொருகுகிற கார்டு வேண்டும் என்று அவள் சொல்ல வந்ததையும் "தெரியும், தெரியும்" என்று வெட்டிவிட்டாய். அண்ணன் சொல்கிறானே என்று அவளும் காத்திருந்தாள். தீபாவளிக்கு வரும் என்றாய், பொங்கலே போய்விட்டது. அவளுக்கு வேலை கொடுக்கிற சேலத்து இன்ஜினியர் பொறுத்துப் பார்த்து, பெரிய லாட்ஜ் பிளானை வேறு ஆபீசுக்குக் கொடுத்துவிட்டார். அந்த வேலையை நம்பித்தான் அவள் அறையே பிடித்தாள்.

கடைசியில் உன் அறைக் கூட்டாளி, வாழவந்தி அண்ணாதுரை, லீவில் வரும்போது கார்டைக் கொண்டு வந்து கொடுத்தான். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? அரிவாளோ ரேடியோவோ, சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் எடுத்துப் புழங்குவோம். உன் அம்மா குளித்து மஞ்சள் குழைத்து, அந்தக் கார்டின் ஓரத்தில் தங்க நிறத்தில் மினுக்குகிற பட்டையில் வரிசையாகப் பொட்டு வைத்துவிட்டாள், அந்த இடம்தான் லட்சணமாக இருந்ததாம். அத்தாயி சிரித்துக்கொண்டே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துச் சுத்தமாக்கினாள். பிறகு பூட்டப் போனால், அந்தக் கார்டு நுழைகிற இடுக்கே அவள் கம்ப்யூட்டரில் இல்லை, அது புது மாடலுக்கு உண்டானதாம். பொட்டு வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது அங்கே பொருந்தியே இருக்காது.

இதை அவள் போனில் சொன்னதும் நீ என்ன செய்தாய்? அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, "மஞ்சளைப் பூசி நீதாம்மா அதைக் கெடுத்துட்டே, மலைக்காரங்களுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு" என்றாய். போன் பூத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் பார்க்க அவள் அழுதாள். நீ யார் மகனடா? உன் பாஸ்போர்ட் வந்த அன்றைக்கு அதற்கும் அவள்தானே பொட்டு வைத்தாள், அப்போது மட்டும் இனித்ததா?

போன வாரம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் அண்ணாதுரையைப் பார்த்தேன். வெள்ளந்தியாகச் சொன்னான், "ஏனுங்க மாமா, சித்தன் அவன் கம்ப்யூட்டருக்கு நொம்ப ஒசத்தியா ஒண்ணு வாங்கிப் போட்டுட்டானுங்க, பழசைக் கழட்டித்தான் டப்பாவுல வெச்சுக் குடுத்தான்" என்று. உனக்கு ஆகாததைத் தங்கை தலையில் கட்டியிருக்கிறாய். போகட்டும், அதைக்கூட விட்டுவிடுவேன். தப்பு வெளியே வந்ததும் பழியைத் தூக்கிப் பெற்றவள் மேல் போட்டாயே, அதை விட மாட்டேன். உன் கார்டை அண்ணாதுரையிடமே திருப்பி அனுப்புகிறேன், நீயே வைத்துக்கொண்டு விளையாடு.

அத்தாயி சேகரிடம் அவர் முதலில் எடுத்து வைத்திருந்த கார்டையே கேட்டு வாங்கிப் பூட்டிவிட்டாள். காட்டேஜ் பிளான்கள் ஒன்றிரண்டு வருகின்றன, லாட்ஜ் போனது போனதுதான். ஆனால் உன் அம்மாவுக்கு நாங்கள் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் ஏறவில்லை. "வெளிநாட்டுல இருக்கற புள்ளைக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப் போவுது, எங் கைதானுங்க அவ பொழப்பைக் கெடுத்துருச்சு" என்கிறாள். புதுக் கார்டைப் பூட்டுகிற அன்றைக்கு அத்தாயி மஞ்சள் கிண்ணத்தை நீட்டி, "நீயே வெய்யம்மா" என்றாள். உன் அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே போய் நின்றுவிட்டாள்.

சேர்வராயன் உனக்கு நல்ல ஆயுளும், அதோடு கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். உச்சி வெயிலில் அலையாதே. எனக்கோ அத்தாயிக்கோ மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவை பூத்துக்குக் கூட்டி வருகிறேன், மறக்காமல் போன் பண்ணு. பொய் சொன்னது நான்தான் என்று உன் வாயால் அவளிடம் சொல். நீ சொன்னால்தான் அவள் நம்புவாள், எதைச் சொன்னாலும் நம்புவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வெள்ளையன்