சூடும் தண்ணீரும் சேர்ந்தபோது

இன்று காலை சோதனைக் கலனின் மூடியைத் திறந்ததும் ரப்பர் வளையம் வெந்த வாசம் முகத்தில் அடித்தது. எனக்கு எப்போதும் குமட்டும். நீதான் இட்லி வெந்துவிட்டதா என்று பார்ப்பவள்போல ஆசையாக எட்டிப் பார்ப்பாய். நீ போன பிறகு, மூக்கைப் பொத்திக்கொண்டு உன் வேலையையும் நான்தான் செய்கிறேன்.

ஈரோட்டுச் சாயப்பட்டறைக்கு நம் பீளமேட்டுக் கம்பெனி செய்த பம்புகள் நினைவிருக்கிறதா? கொதிநிலையையும் தாண்டிச் சூடேறிய சாயத் தண்ணீரை அழுத்தத்தோடு தள்ள வேண்டியவை. அவற்றின் சுழலும் தண்டுக்குச் சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கானில் உறை போட்டிருந்தோம். சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று விற்றவர் சத்தியமே செய்தார். அடுப்பில் ஈரமில்லாமல் சூடாக்கினோம், குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தோம்; இரண்டிலும் தேறியது. ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து லாரியில் ஏற்றியாயிற்று. சோதனைச் சான்றிதழில் நம் கையெழுத்து மட்டும் பாக்கி.

அப்போதுதான் நீ கேட்டாய்: "சூட்டுல வெச்சுப் பாத்தோம், தண்ணியில வெச்சுப் பாத்தோம். ரெண்டையும் சேத்து வெச்சுப் பாத்தமா கண்ணு?"

முதலாளிக்கு வந்ததே கோபம்! பூஜை போட்ட பம்பை இறக்கினால் ஊர் சிரிக்கும், இஷ்டமில்லையென்றால் வேலையை விட்டுப் போகலாம் என்றார். உன் சம்பளத்தில்தான் உன் வீடு ஓடியது. நீ குரலை உயர்த்தவே இல்லை.

"போகச் சொன்னாப் போறனுங்க. உறை ஒடஞ்சா கொதிக்கற சாயம் ஆளு மேல அடிக்குமுங்க. அங்க நிக்கறவங்க நம்மளை நம்பித்தானுங்க நிக்கறாங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ கையெழுத்துப் போடவில்லை; லாரியும் நகரவில்லை.

உறைகளை மூடிய கலனில் நீராவிச் சூட்டில் வாரக்கணக்கில் போட்டுவைத்தாய். எடுத்தபோது பளபளப்பு போயிருந்தது. நகத்துக்குச் சொரசொரவென்று தட்டுப்பட்டது. அழுத்தியதும் பிஸ்கட்போல உடைந்தது. சூடும் ஈரமும் சேர்ந்தால் மேற்பரப்பின் நுண்மணிகள் ஒவ்வொன்றாக உருமாறி உப்பும், அதில் விரிசல் விழும், விரிசல் வழியே தண்ணீர் இன்னும் உள்ளே போகும் என்று முதலாளிக்குப் பொறுமையாக விளக்கினாய். ஜெயித்த திமிர் துளியும் இல்லை. நானாக இருந்தால் பீளமேடு முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பேன். உறைகளை, வெந்நீரில் அப்படி உருமாறாத அலுமினா என்ற வேறு பீங்கானில் மாற்றி அனுப்பினோம்.

சென்ற மாதம் அந்தப் பட்டறைக்குப் போனேன். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி நின்று, கையெல்லாம் சாயத்தோடு ஒரு அண்ணன் நிம்மதியாகப் பொரி தின்றுகொண்டிருந்தார். என் கண் கலங்கிவிட்டது. ஏனென்று கேட்டார். உன் கதையைச் சொன்னேன், நீ போய்ச் சேர்ந்ததை மட்டும் விட்டுவிட்டு. அவர் பொரிப் பொட்டலத்தை மடித்து வைத்தார்.

"அவங்களை ஒருக்காக் கூட்டிட்டு வாங்க அம்மணி. நம்மூட்ல ஒரு வாய் சாப்பிட்டுப் போகோணும்."

சரிங்க என்றேன். நீ இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு வந்த அழைப்பு அது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.