சவுக்காரப் பெட்டி வெடித்த பிறகு

ஐப்பசி 4, செவ்வாய்

விடியலில் இருந்தே மழை. அடுக்களைக் கூரை மறுபடி ஒழுகல். கீழே இரண்டு பாத்திரம் வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை கிள்ளானில் என் மைத்துனிக்கு, செல்லம்மாவின் தங்கைக்கு, வளைகாப்பு. என்னையும் வரச் சொல்கிறாள். லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி குறைவு. ஸ்டோருக்கு எழுத வேண்டும்.

பதினொன்றரைக்கு ஒரு சத்தம். இடி என்றுதான் நினைத்தோம். அரை மணியில் லோரி வந்தது. உள்ளே பட்டாளத்தார். திடலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் தங்கியிருக்கும் மதராஸ் பட்டாளம். சோற்றுக்கு வரிசையில் நின்றார்களாம். சமையல்கட்டு ஓரம் கிடந்த சவுக்காரப் பெட்டி வெடித்ததாம். உள்ளே இருந்தது துணி துவைக்கும் சவுக்காரம் இல்லை, வெடிகுண்டு. யார் வைத்தது, எதற்கு, ஒருவருக்கும் தெரியவில்லை.

நான்கு பேருக்கு வரும்போதே உயிர் இல்லை. பதினொரு பேர் உயிரோடு. காயத்துக்குக் கட்டுப் போட டிரெசர்கள் நாங்கள் மூன்றே பேர்.

வீடு வந்து சட்டையை ஊறப் போட்டேன். செல்லம்மா தண்ணீரை இரண்டு முறை மாற்றினாள். 

ஐப்பசி 5, புதன்

கால் வீக்கம். நின்றே பொழுது போனது.

ஐந்தாம் கட்டிலில் மாணிக்கம் என்ற சிப்பாய். வேலூர்ப் பக்கம். இருபத்தைந்து வயது இருக்கும். இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. பெரிய டாக்டர் அறுத்தார், நான் கிண்ணம் பிடித்தேன். மயக்கம் தெளிந்ததும் முதல் பேச்சு: "டிரெசர் ஐயா, எங்க ஹவில்தாரு எங்க?"

"வேற வார்டுல இருக்காரு."

பொய். நேற்று வந்த நான்கு பிணங்களில் அவரும் ஒருவர்.

எட்டாம் கட்டிலுக்குப் போலீஸ் காவல். காளிமுத்து, மாட்டு வண்டிக்காரர். அந்தப் பெட்டியைக் கொட்டகைக்குக் கொண்டு போனது இவர்தான். வெளியே வண்டியைத் திருப்பும்போது வெடித்திருக்கிறது. முதுகெல்லாம் மரச்சிராய். வலது கையைக் கட்டில் கம்பியோடு விலங்கு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சிராயாக எடுத்தேன். முனகவில்லை. கடைசியில் மட்டும், "மாட்ட என்னா பண்ணாங்க ஐயா?"

செத்துப்போனதைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க இதே பேச்சு. குழாயடியில் யாரோ: "தமிழன் கையாலயே தமிழன கொன்னுட்டானே." இன்னொருத்தி: "வண்டி எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாங்க லா. பாசார்ல மீனே இல்ல."

ஐப்பசி 6, வியாழன்

விசாரணைக்கு வெள்ளைக்காரத் துரை வந்தார். போலீஸ் துபாஷிக்குக் காய்ச்சலாம். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

காளிமுத்து சொன்னது: "பாசார்ல ஒருத்தரு, தொப்பி போட்டவரு. பட்டாளத்துக் கொட்டாய்க்கு சவுக்காரம், கொண்டு போயி குடுன்னாரு. ஏத்துனேன், எறக்குனேன். அவ்வளவுதான் தொரை."

முகம்? மழையில் சரியாகப் பார்க்கவில்லை. என்ன ஆள்? மலாயில் பேசினார், அதற்கு மேல் தெரியாது. துரை இதையே ஐந்து விதமாகக் கேட்டார். ஐந்து தடவையும் அதே பதில். போகும்போது என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: இவன் பேச்சுக்கு வேறு சாட்சி இல்லை, தூக்குக் கயிறுதான்.

அவர் தலை மறைந்ததும் மாணிக்கம் என்னைக் கூப்பிட்டான்.

"அந்த வண்டிக்காரரு சொல்றது நெசம். அன்னிக்கு வாசல்ல பாராக் காவல் நான்தான். பெட்டிய அவரும் நானுமா எறக்கி சமையக்கட்டு ஓரமா வெச்சோம். அப்புறம் அது மேலயே குந்திக்கிட்டு எனக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தாரு. குண்டு இருக்குன்னு தெரிஞ்சவன் அது மேல குந்துவானா?"

"இத தொரகிட்ட சொல்லலாமே."

"சொல்லத்தான் போறேன். இன்னொண்ணும் சொல்லணும். வர்ற பெட்டியெல்லாம் தெறந்து பாக்கணும்னு உத்தரவு. நான் தெறக்கல. அவரும் எங்க ஊருப் பக்கம். அந்தப் பேச்சு காதுல விழுந்து எத்தன நாளாச்சு. பேசிக்கிட்டே விட்டுட்டேன்."

அந்த இன்னொன்றைச் சொல்லாதே என்றேன். கால் போனது போதும், உன் மேலேயே கேஸ் வரும் என்றேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐப்பசி 7, வெள்ளி

லீவு இல்லை. செல்லம்மா அவள் அண்ணனோடு காலை ரயிலில் போனாள். ஸ்டேஷனில் பெட்டி படுக்கை எல்லாம் சோதனை. வளைகாப்புக்குக் கொண்டு போன முறுக்கு டின்னையும் திறந்து கம்பியால் குத்திப் பார்த்தார்களாம்.

பத்து மணிக்குத் துரை. மாணிக்கம் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னான், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். வெற்றிலை வரைக்கும் சரி. அவன் உத்தரவையும் திறக்காததையும் சொன்னபோது நான், பெட்டி ஆணி அடித்து இறுக்கமாக இருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாகச் செய்தேன்.

துரை நிமிர்ந்தார். திறந்தானா, இல்லையா?

மாணிக்கம் என்னைப் பார்த்தான். "என்ன கேக்குறாரு?"

"பெட்டிய தெறந்தியான்னு."

"அதத்தான் இப்ப சொன்னேனே ஐயா."

காது சுட்டது. முழுவதையும் சொன்னேன். துரை வெகுநேரம் எழுதினார். மாணிக்கம் கைநாட்டு வைத்தான். மையைத் துடைத்துவிடும்போது மெதுவாகக் கேட்டான்: "ஹவில்தாரு செத்துட்டாருல்ல?"

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கே தெரியும். நீங்க பொய் சொல்றப்ப வேகமாப் பேசுறீங்க."

ஐப்பசி 9, ஞாயிறு

காலையில் காளிமுத்துவுக்கு விலங்கு கழற்றினார்கள். தொப்பிக்காரனைத் தேடுகிறார்களாம். காளிமுத்து எழுந்து ஐந்தாம் கட்டிலுக்குப் போய் நின்றார். 

மாணிக்கம்தான் முதலில் கேட்டான்: "மாட்டுக்கு என்ன பேருண்ணே?"

"செவலைன்னுதான் கூப்புடுவேன்."

"சாதுவா இருந்துச்சு."

"ஆமா தம்பி."

அதன்பிறகுதான் காளிமுத்து அழுதார். வேறு வேலை இருப்பதுபோல் நான் அந்தப் பக்கம் போய்விட்டேன்.

செல்லம்மா வந்துவிட்டாள். வளைகாப்பு நன்றாக நடந்ததாம். கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஐப்பசி 18, செவ்வாய்

மழை விட்டு வெயில். உள்ளே ஒரே புழுக்கம். பதினொருவரில் உயிரோடு ஒன்பது பேர்தான் இப்போது. மாணிக்கத்துக்கு உத்தரவு வந்தது. காவலில் அசட்டை, பட்டாளத்தில் இருந்து நீக்கம். பென்ஷன் கிடையாது. நான்தான் வாசித்துச் சொன்னேன். வேகமாகப் பேசாமல் இருக்கப் பார்த்தேன்.

"சரி ஐயா," என்றான்.

ஐப்பசி 25, செவ்வாய்

இன்று மாணிக்கத்துக்கு ஊருக்குக் கப்பல். துறைமுகத்துக்கு ரயில் ஒன்பது மணிக்கு. ஸ்ட்ரெச்சர் இரண்டும் வேறு வார்டில். காளிமுத்து கட்டுப் போட்டுக்கொள்ள வந்திருந்தார், முதுகில் ஒரு புண் இன்னும் ஆறவில்லை. கட்டில் பக்கம் குனிந்து உட்கார்ந்தார்.

"ஏறு தம்பி."

"முதுகு புண்ணுண்ணே."

"ஏறுன்னா."

வார்டைக் கடந்து, படி இறங்கி, லோரி வரைக்கும் சுமந்து போனார். மாணிக்கத்தின் கைப்பையை நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். லோரி திரும்பும்வரை இருவரும் நின்றோம். காளிமுத்துவின் சட்டையில் ரத்தம் கசிந்திருந்தது. உள்ளே கூட்டி வந்து பழைய துணியைப் பிரித்து, புண்ணைக் கழுவி, வேறு கட்டுப் போட்டேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.