சனிக்கிழமைப் படகு

தீவுக் கொட்டகை,
மார்ச் 24

அன்புத் தம்பி லைலுக்கு,

உன் அத்தான் வால்ட்டரும் நானும் நேற்று டாரெலின் படகில் வந்து இறங்கிவிட்டோம். காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிட்டது, ஒரே குளிர். காலையில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். போன வருடம் பூட்டிய கொட்டகையைத் திறந்தால், எலி உன் கட்டில் மெத்தையைக் குதறி வைத்திருக்கிறது. உன் அறைக்கு மேலே கூரைத் தகடு ஒன்று ஆடுகிறது. நீ வந்து ஆணி அடிப்பாய் என்று விட்டு வைத்திருக்கிறேன்.

இன்னும் மூன்று நாளில் யோலாக் கடற்பறவைக் குஞ்சு பிடிக்கத் தொடங்கலாம். மேட்டில் வளைக்கு வளை குஞ்சு இருக்கிறது. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. ஆறு தடவையும் "கட்டாயம் வர்றேன்க்கா" என்றாய். போன வருடம் உப்புப் போட்டு அனுப்பிய குஞ்சு எப்படி இருந்தது என்றுகூட நீ எழுதவில்லை.

உன் அக்கா,
வெர்னா


லான்செஸ்டன்,
மார்ச் 31

அன்பு அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே பூங்காவில் இலை கொட்டத் தொடங்கிவிட்டது. வாசலில் பெருக்கப் பெருக்கச் சேர்கிறது. வண்டி மறுபடியும் தகராறு. ஈஸ்டர் முடியட்டும், வரப் பார்க்கிறேன். வந்தால் கூரையை மட்டுமில்லை, தண்ணீர்த் தொட்டியையும் மாற்றிவிடலாம். உப்புப் பீப்பாய்களுக்குத் தனியாக ஒரு சாய்ப்பு இறக்கலாம் என்றும் நினைத்து வைத்திருக்கிறேன். காகிதத்தில் படம்கூடப் போட்டேன்.

அத்தானிடம், வளைக்குள் கையை விடும்போது பார்த்து விடச் சொல்.

லைல்


தீவுக் கொட்டகை,
ஏப்ரல் 7

லைலுக்கு,

உன் படத்தை வைத்து நான் என்ன செய்வது? நான்கு நாளாக மழை. வால்ட்டர் நேற்று வளைக்குள் கையை விட்டவர், சில்லென்று பட்டதும் இழுத்துக்கொண்டார். புலிப்பாம்பு, கொடிய விஷம். கடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நேற்று எந்த வளையிலும் அவர் கை விடவில்லை. எனக்கும் முட்டி மடங்கவில்லை. இரண்டு கிழங்கள் எத்தனை நாள் இழுக்க முடியும்?

பெரியப்பா மகன் ரே வந்திருந்தான். "லைல் இனிமே டவுன்காரன்க்கா. வர மாட்டான். அம்மா விட்ட கொட்டகையில அவன் பாதியை எங்களுக்குக் குடுத்துடு, என் பிள்ளைங்க பார்த்துப்பாங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவன் கேட்டதில் தப்பு இல்லையே. சீசன் முடிவதற்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

வா. இல்லையென்றால், கொடுத்துவிடு என்று ஒரு வரி எழுது.

வெர்னா


லான்செஸ்டன்,
ஏப்ரல் 13

அன்பு அக்காவுக்கு,

வண்டிக்கு ஒன்றுமில்லை. சிறுநீரகம் இரண்டும் போய் இரண்டு வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் ஐந்து மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்கிறேன். உப்பு ஆகாது. நீ அனுப்பிய குஞ்சுகளைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அடுப்பில் வேகும் வாசனை மட்டும் வேலி தாண்டி எனக்கு வரும்.

ஏன் சொல்லவில்லை என்பாய். சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாய். கொட்டகை இருண்டு கிடக்கும்.

பத்து நாள் தீவுக்குப் போய்வரலாமா என்று நர்சைக் கேட்டேன். "ரெண்டு மூணு தடவை விட்டாலே உயிருக்கு ஆபத்துங்க. பத்து நாள்னா நீங்க திரும்பி வர மாட்டீங்க" என்றாள். வீட்டுக்கு வந்து ஒரு முழு நாள் யோசித்தேன். வருகிறேன் அக்கா. 22ஆம் தேதி சனிக்கிழமை காலை விமானம், மதியம் டாரெலின் படகு. எது நடந்தாலும் அந்த மேட்டில் நடக்கட்டும். யாரிடமும் சொல்லாதே. மெத்தை எப்படி இருந்தாலும் சரி.

உன் தம்பி,
லைல்


தீவுக் கொட்டகை,
ஏப்ரல் 19

என் லைலுக்கு,

உன் கடிதத்தை மேட்டில் நின்று படித்தேன். படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வால்ட்டர் வந்துதான் எழுப்பினார்.

ஆறு வருடமாக வா, வா என்று கூப்பிட்ட அதே வாயால் சொல்கிறேன்: வராதே. இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வருமோ வராதோ. அதனால் டாரெலிடம் வாயாலும் சொல்லிவிட்டேன். "என் தம்பி எவ்வளவு கெஞ்சினாலும் படகுல ஏத்தாதே." அவன் காரணம் கேட்டான். சொன்னேன். நீ சொல்லாதே என்றது தெரியும். சொல்லிவிட்டேன்.

நீ சாக இடம் தருவதற்கு நான் அக்காவாக இருக்கவில்லை. ரே உன்னை டவுன்காரன் என்றபோது நானும் அதை நம்பிவிட்டேனே. உன் பாதியை ரேக்குக் கொடுக்கவில்லை. அவன் பிள்ளைகள் வந்து வேலை பார்க்கட்டும், பெயர் உன்னுடையது என்று சொல்லிவிட்டேன். சரி என்றான்.

மே முதல் வாரம் கொட்டகையைப் பூட்டிவிட்டு அங்கே வருகிறேன். ஆகஸ்ட் வரை, குளிர்காலம் முழுவதும் இருப்பேன். நீ அந்த இயந்திரத்தோடு கிடக்கிற ஐந்து மணி நேரமும் பக்கத்தில் உட்காருவேன். போ என்றால் போக மாட்டேன்.

அக்கா


லான்செஸ்டன்,
ஏப்ரல் 25

அக்காவுக்கு,

உன் கடிதம் நான் கிளம்பிய பிறகுதான் வந்திருக்கிறது. சனிக்கிழமை மதியம் துறையில் பையோடு நின்றேன். டாரெல் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க அக்கா வேணாம்னுட்டாங்க. நீங்க அடிச்சாலும் ஏத்த மாட்டேன்" என்றான். கத்தினேன். கெட்ட வார்த்தையும் வந்தது. அவன் கயிற்றை மறுபடி கட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அங்கிருந்து தீவு தெரிந்தது. நம் புகைபோக்கியில் புகை போய்க்கொண்டிருந்தது. இருட்டில் அது மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு விமானத்தில் திரும்பிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியையும் விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். கால் இரண்டும் வீங்கிவிட்டன. திங்கட்கிழமை போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் ஊசியைக் குத்திவிட்டு என் தோளைத் தட்டினாள்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். சாகிற இடத்தைக்கூட நானே முடிவு செய்ய விடவில்லை நீ. இதை எழுத்தில் தீர்க்க முடியாது. மே மாதம் வா, நேரில் சண்டை போட வேண்டும். அதுவரைக்கும் இருப்பேன்.

லைல்