எத்தனை கட்டை போதும்

மார்ச் 4, செவ்வாய்

பிரார்த்தனைக் கூடத்து ஆர்மோனியப் பெட்டி இன்றோடு சரி. துருத்தித் தோல் மூன்று இடத்தில் விட்டுவிட்டது. ஒட்டுகிறேன், ஒட்டுகிறேன் என்று இரண்டு மாதமாக இழுத்த ரிப்பேர்காரர் இன்று பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு, "இனி இது காத்து வாங்காதுக்கா, விட்டுடுங்க" என்றார். டாக்டர் வெளியே வந்து சொல்வது போலச் சொன்னார். இருபத்தாறு வருஷம் வாசித்த பெட்டி. அழுகை வருமென்று பார்த்தேன். பசிதான் வந்தது.

கூடத்துத் தலைவர் போன் பண்ணினார். ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர், முத்திரை குத்துகிற மாதிரிதான் பேசுவார். "கீபோர்டு வாங்கிடலாம்மா. தாளம், பக்கவாத்தியம் எல்லாம் அதுவே வாசிக்கிற மாதிரி வந்திருக்காம். எத்தனை கட்டைன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஆனா கூடத்துக்கு நிறைவா இருக்கணும்."

நிறைவா என்றால் பெரிசா என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா.

மார்ச் 6, வியாழன்

வியாழன்தோறும் நானும் என் ஓரகத்தியும் படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாடுவோம். இப்போது ஒரே வீடுதான், தையல்கார அம்மா. இடுப்பு முறிந்து பதினாலு மாதம் ஆகிறது. மேல்மாடி, ஒற்றை அறை.

இன்று பெட்டி இல்லாமல் போய்ப் பாடினோம். முடிகிற வரை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "என்னம்மா இது, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பாடற மாதிரி இருக்கு" என்றார். புதுசு வருகிறது, கொண்டுவருகிறேன் என்றேன். "சத்தியமா?" என்றார். சத்தியமாக என்றேன். அவருக்கு வாரத்தில் வேறு யார் வருகிறார்கள்? சாப்பாடு கொடுக்கிற பெண் தட்டை வைத்துவிட்டு ஓடிவிடுகிறாள்.

மார்ச் 8, சனி

கடைக்குப் போனோம், நானும் வீட்டுக்காரரும். அவர் தச்சர், எங்கே போனாலும் டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வருவார். கடைக்காரர் மூன்றை வரிசையாக வைத்தார். அறுபத்தொரு கட்டை, எழுபத்தாறு, எண்பத்தெட்டு. எழுபத்தாறில் உட்காரக்கூட இல்லை. எண்பத்தெட்டில் கை வைத்தேன். ஆண்டவனே, என்ன கட்டை அது. வெண்ணெயில் விரல் இறங்குவது போல. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வாசித்துக்கொண்டே போனால் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

இவர் வந்து காதில், "இடது கையைப் பாரு" என்றார். பார்த்தால் அது தன்பாட்டுக்குக் காற்றை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருக்கிறது, துருத்தி போடுகிறதாம். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் புத்தகத்தைப் புரட்டினார்.

மூன்றுக்கும் நீளமும் எடையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார் இவர். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

பிரார்த்தனையில் மனசு நிற்கவில்லை. கண்ணை மூடினால் எண்பத்தெட்டும் வரிசையாக வந்து நிற்கிறது. மன்னிச்சுக்கோ சாமி.

மார்ச் 10, திங்கள்

தலைவரிடம் எண்பத்தெட்டு என்று சொல்லிவிட்டேன். "சபாஷ்" என்றார். அந்த ஆளின் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை வந்ததில்லை. மனசு குளிர்ந்து போய் ஓரகத்தியிடம் சொன்னால், அவள் துணி மடிப்பதை நிறுத்தாமலேயே, "சரி, வியாழக்கிழமைக்கு அதை யாரு தூக்கறது? நீயா, நானா?" என்கிறாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன், ஒரு ஆளைக் கூப்பிட்டா ஆச்சு. வாரா வாரம் யாரைக் கூப்பிடுவன்னு அவ கேப்பா. எனக்குன்னு ஒரு ஆசை இருக்கக்கூடாதா? இத்தனை நாளா ஒட்டுப்போட்ட பெட்டியில வாசிச்சேனே, ஒரு தடவை வாய விட்டுக் கேட்டேனா? - இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன்.

அந்தச் சத்தியம் வேற நடுவுல வந்து உக்காந்துக்குது.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் இவர் பட்டறையிலிருந்து எண்பத்தெட்டு அளவுக்கு ஒரு பலகையை அறுத்து, ஆணி மூட்டைகளை வைத்துக் கட்டி எடையும் சரிபார்த்துக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு கிலோ. "வா, தையல்கார அம்மா வீட்டுப் படியில ஒரு நடை ஏத்திப் பார்த்துடுவோம்."

அது சுவரோடு ஒட்டிய இரும்புச் சுழல்படி, ஒரு ஆள்தான் போகலாம். முன்னால் நானும் பின்னால் ஓரகத்தியுமாகத் தூக்கினால் வளைவில் பலகை திரும்பவில்லை. நிமிர்த்தி நான் ஒருத்தியாகக் கட்டிப்பிடித்து ஏறினேன். ஏழாவது படியில் முட்டி போதும் என்று சொல்லிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "கட்டில் வருதா?" என்றார். "கீபோர்டுங்க" என்றேன். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு ஆணி மூட்டைகளைக் குறைத்து எழுபத்தாறின் எடைக்குக் கட்டினார், பதினோரு கிலோ. ஓரகத்தி மேலே வரை போய்விட்டாள். இறங்கும்போது மூச்சு இல்லை. அறுபத்தொன்று ஆறே கிலோ. அதை அவள் பேசிக்கொண்டே ஏறினாள்.

சாயங்காலம் இன்னொன்று செய்தோம். பழைய பெட்டியை மடியில் வைத்து, சத்தம் வராத அந்தக் கட்டைகளில் விரலை ஓட்டிக்கொண்டே எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினேன். விரல் பட்ட ஒவ்வொரு கட்டையிலும் ஓரகத்தி ஒரு பட்டாணியை வைத்தாள். ஐம்பத்தெட்டு பாட்டு. தொண்டை கட்டிவிட்டது. பட்டாணி இருபத்து மூன்றுதான்.

"இருபத்து மூணு கட்டைக்காரிக்கு எண்பத்தெட்டு கேக்குது" என்றாள். சிரித்து மாளவில்லை இரண்டு பேருக்கும்.

மார்ச் 12, புதன்

கடைக்காரருக்குப் போன் செய்தேன். அறுபத்தொன்றில் பக்கவாத்தியத்துக்கு இடது கைக்கென்று கட்டையை ஒதுக்கிவிட்டால் வலது கைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். "பத்தொன்பது இடது பக்கம் போயிடும்மா. மீதி நாற்பத்திரண்டு." பழைய பெட்டியில் மொத்தமே நாற்பத்திரண்டுதான். அடுப்பில் பால் பொங்கியது, போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

அறுபத்தொன்றே போதும் என்று தலைவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா. மேடையில விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்காதா?" "மேடைக்கு வரமுடியாதவங்களுக்கும் சேர்த்துத்தானே வாங்கறோம்" என்றேன். "சரி, உங்க இஷ்டம்" என்றார். எப்போதும் வரும் காபி வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

வெறும் கையோடுதான் போய்ப் பாடினோம். தையல்கார அம்மா புதுசு எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மார்ச் 15, சனி

வந்துவிட்டது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் ஓரகத்தி விரலால் எண்ண ஆரம்பித்தாள். "அடிப்பாவி, முப்பத்தாறுதான் இருக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டான்." போனை எடுத்து நம்பர் போட்டுவிட்டாள். அவள் வெள்ளையை மட்டும் எண்ணியிருக்கிறாள். கறுப்பை யார் எண்ணுவது என்றேன். "அது இடுக்குல இருக்கு, அதுக்கும் கணக்கு உண்டா?" இப்படி ஒருத்தியோடு முப்பது வருஷம் ஒரே வீட்டில். ஆண்டவன் எனக்குக் குறையே வைக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இடது கை கழுதை மாதிரி நிற்கிறது. அமுக்கு என்றால் அமுக்க மாட்டேன் என்கிறது. தாளம் ஓடுகிறது, நான் பின்னாலேயே ஓடுகிறேன். ஐந்து பாட்டு தேறியிருக்கிறது. அது போதும்.

மார்ச் 20, வியாழன்

படிக்குக் கீழே தலைவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. படியை மேலே வரை ஒரு பார்வை பார்த்தார். "இதுலயா வாரா வாரம் ஏறுறீங்க?" என்று கேட்டுவிட்டு, ஸ்டாண்டை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினார். நான் கீபோர்டைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு ஏறினேன்.

கட்டிலுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் சரியாக நின்றது. முதல் பாட்டு வாசித்துப் பாடினேன். தையல்கார அம்மா உதடு அசைத்தார், சத்தம் வரவில்லை. "எனக்கு அவ்வளவு மேல எட்டலம்மா. படுத்தே கிடந்து தொண்டை இறங்கிப்போச்சு. பெட்டியிலயும் எட்டாமத்தான் கிடந்தேன், சொல்லல." சுருதியை இறக்க ஒரு பட்டன் இருப்பதைக் கடைக்காரர் காட்டியிருந்தார். ஒன்று இறக்கினேன், இரண்டு இறக்கினேன். நாலாவதில், "ம், இங்க" என்றார்.

இரண்டாவது பாட்டுக்கு நான் வாயே திறக்கவில்லை. அவர் பாடினார், நான் வாசித்தேன்.