கூப்பிட்டால் வராத நாய்

வாழவந்தி நாடு, கொல்லிமலை
9 ஜனவரி 1941

தம்பி மருதாசலத்துக்கு,

இன்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷம் ஜனவரி ஒன்பதாம் தேதி. எனக்கு வயது அறுபத்தொன்று, ஐந்து மாதம், நான்கு நாள். இதைக் கணக்குப் போட்டு எழுதக் காரணம், உன் கடிதத்தில் என்னை "எழுபதைத் தொடப்போகிறவர்" என்று நீ குறித்திருப்பதுதான். வக்கீலாக இருப்பவன் இதில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கலாம்.

பொன்னம்மாள் இறந்ததற்கு நீ எழுதிய நான்கு வரிகளுக்கு நன்றி. நான் ஜில்லா முழுவதும் வண்டியில் சுற்றிப் பெண் பள்ளிக்கூடங்களைப் பரிசோதித்த காலத்திலிருந்தே அவள் என்னோடு இருந்தவள். அவள் இல்லாதது எனக்கு நஷ்டம். ஆனால் அந்த நான்கு வரிக்குப் பின் மூன்று பக்கத்துக்கு, நான் மலையை விட்டு இறங்கிச் சேலத்தில் உன் வீட்டில் குடியேற வேண்டிய காரணங்களை அடுக்கியிருக்கிறாய். மூன்று பக்கத்தையும் படித்தேன். வரமாட்டேன்.

இந்த வீட்டில் இன்னோர் உயிர் வேண்டும் என்று நீ சொல்வது மட்டும் நியாயம். ஆகவே ஓர் ஒப்பந்தம். எனக்கு ஒரு பெரிய நாய் தேடிக் கொடு. சித்திரைக்குள் அது எனக்கு ஒத்துப்போனால் நான் இங்கேயே இருப்பேன். இந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கக் கூடாது. ஒத்துப்போகாவிட்டால் நீ அனுப்பும் டோலியில் மறுவார்த்தை பேசாமல் ஏறிக்கொள்கிறேன்.

தேடும்முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள். நாய் உன்னோடு வாழப் போவதில்லை, என்னோடு வாழப்போகிறது. என் நிலம் முழுவதும் சரிவு. மழைக்காலம் முடிந்தாலும் மூடுபனி முடிவதில்லை. துவைத்த துணி காய இரண்டு நாள் ஆகும். சாப்பாடு சாமைச்சோறும் கேழ்வரகுக் களியும். சந்தையில் கிடைத்தால் கறி. சோளக்காட்டுச் சந்தைக்கு நான் நடந்தே போகிறேன்; அதுவும் நடக்க வேண்டும். பன்றி வாழைக்கன்றைப் பிடுங்குகிறது, கரடி பலாப்பழத்துக்கு வருகிறது. குட்டை நாய் இங்கே ஒரு வாரம் தாங்காது. உயரம் வேண்டும், பலம் வேண்டும். எங்கேயோ திரியாமல் என் கண்ணெதிரே இருக்க வேண்டும். குரல் எப்படியிருந்தாலும் சம்மதம்.

உன் அக்கா,
செல்லாத்தாள்


சேலம்
24 ஜனவரி 1941

அன்புள்ள அக்காவுக்கு, மருதாசலம் பணிந்து எழுதுவது.

ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்கிறேன். இங்கே அனைவரும் நலம். நீங்கள் மட்டும் இங்கே இல்லை என்கிற குறையைத் தவிர வேறு குறை இல்லை. அதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், ஆகவே விட்டுவிடுகிறேன்.

கால்நடை டாக்டரிடம் விசாரித்ததில் மூன்று நாய்கள் கிடைக்கும்போலிருக்கிறது. முதலாவது, ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரையின் கிரேட் டேன். அவர் யுத்தத்துக்குப் போகிறார். நல்ல இடமாக இருந்தால் இனாமாகவே தருகிறார். டியூக் என்று பெயர். என் இடுப்பு உயரம். குரைத்தால் பக்கத்துத் தோட்டத்தில் விளக்கு ஏற்றுகிறார்களாம். இரண்டாவது ரயில்வே அதிகாரி ஒருவரின் அல்சேஷன். புத்திசாலி, ஆனால் உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம், உங்கள் பனியில் நனைந்தால் காயவே காயாது. மூன்றாவது ராசிபுரத்தில் ஒரு மிராசுதார் வீட்டில் இருக்கிற ராஜபாளையம். பால்போல் வெள்ளை, பார்க்க அழகு. ஆனால் திமிர் பிடித்ததாம், கூப்பிட்டால் வராதாம். சொந்தக்காரரே சலித்துப்போய் யாராவது கொண்டுபோனால் சரி என்கிறார்.

குரல் எப்படியிருந்தாலும் சம்மதம் என்கிறீர்கள். தனியாக இருக்கும் பெண்பிள்ளைக்குக் குரல்தான் அக்கா காவல். ஆகவே டியூக்கையே அனுப்புகிறேன். முள்ளுக்குறிச்சி வரை வண்டியில் வரும். அங்கிருந்து மலையேற்ற ஆட்களை அனுப்புங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
மருதாசலம்


வாழவந்தி நாடு
20 பிப்ரவரி 1941

தம்பிக்கு,

உன் டியூக் வந்து சேர்ந்தது. நடந்து அல்ல. முள்ளுக்குறிச்சியிலிருந்து பாதி தூரம் ஏறியதும் உட்கார்ந்துவிட்டது. கல் குத்திப் பாதம் வெடித்துவிட்டது. நாலு பேர் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து இங்கே அதற்குத் தாசில்தார் என்று பெயர். பக்கத்து நிலத்துச் சின்னுசாமி அதைச் சுற்றி ஒரு முறை வந்து, என் எதிரே நின்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தான்: "ஏனுங்கம்மா, இதுக்கு ஏரு பூட்டலாமுங்களா, இல்லீன்னா தீனி போட்டு வெறுமனே கட்டி வெக்கறதுதானுங்களா?"

வெறுமனே கட்டி வைக்கத்தான் முடிந்தது. நாலு பேர் உண்ணும் களியை அது ஒரு வேளையில் உண்டது; கறி இல்லாத நாளில் என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தது. பனி இறங்கியதும் நடுங்கி என் கம்பளியைப் பறித்துக்கொண்டது. அது கெட்ட நாய் அல்ல. தோட்டத்து வராந்தாவுக்கும் வேளாவேளைக்கு இறைச்சி கொடுக்கும் சமையற்காரனுக்கும் பழகிய நாய். அதை இங்கே அனுப்பியதில் நீ அதற்கும் நல்லது செய்யவில்லை.

நீ பெருமைப்பட்ட குரலைப் பற்றிச் சொல்கிறேன். சென்ற திங்கட்கிழமை பன்றி வந்தது. தாசில்தார் கட்டிய இடத்திலேயே நின்று மூன்று ஊருக்குக் குரைத்ததாம். காலையில் வீட்டு வேலைக்கு வரும் பாவாயி கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. பன்றியும் அவசரப்படவில்லை, ஒன்பது வாழைக்கன்று போயிற்று.

இன்று அதைத் திருப்பி அனுப்புகிறேன். டாக்டரிடம் சொல்லி மாடி வீட்டுக்காரர் யாருக்காவது கொடு. எனக்கு அந்த ராசிபுரத்து ராஜபாளையத்தை அனுப்பு. குட்டை ரோமம், சீக்கிரம் காயும். மெலிந்த உடம்பு, சரிவில் ஓடும், களி போதும். அந்த ஜாதி ஒருவரோடு ஒட்டிக்கொண்டால் மற்றவரை அண்டவிடாது என்று படித்திருக்கிறேன். திமிர் பிடித்தது, கூப்பிட்டால் வராது என்று அதன்மேல் குற்றம் சாட்டியிருக்கிறாய். அதே குற்றத்தை அப்பாவின் காலத்திலிருந்து என்மேலும் சாட்டி வருகிறீர்கள். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்.

செல்லாத்தாள்


வாழவந்தி நாடு
18 மார்ச் 1941

தம்பிக்கு,

வெள்ளை நாய் வந்தது. ஆட்களுக்கு முன்னால் ஏறி வந்து வாசலில் நின்றது. முதல் நாள் என்னைத் தவிர எல்லோரையும் மோப்பம் பிடித்தது. இரண்டாம் நாள் என் கால்மாட்டில் படுத்தது. அதன்பிறகு நான் அடுப்படிக்குப் போனால் அடுப்படி, மிளகுக் கொடிக்குப் போனால் மிளகுக் கொடி. பத்தடிக்கு ஒரு முறை திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கும். கையை உயர்த்தினால் நிற்கும், தாழ்த்தினால் வரும். இதையா அந்த மிராசுதார் திமிர் என்றார்?

வாசலில் ஆள் வந்தால் ஓடிவந்து மூக்கால் என் கையை இடிக்கும். அவ்வளவுதான் அதன் காவல். பன்றி இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் புடவையைக் கவ்வி இழுத்து என்னை எழுப்பியது. நான் தகரத்தோடும் தீப்பந்தத்தோடும் போனேன். கன்று ஒன்றும் போகவில்லை.

என்ன பெயர் வைத்தேன் என்று கேட்பாய். வைக்கவில்லை. பாவாயி மட்டும் அதைச் "சாமி" என்கிறாள். பிள்ளைகளையும் அப்படித்தான் கொஞ்சுவாள். சித்திரையில் வா. வந்து பார்த்துவிட்டுப் பேசு.

செல்லாத்தாள்


சேலம்
2 மே 1941

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால்வலி இன்னும் போகவில்லை. நீங்கள் கட்டிக் கொடுத்த பலாச்சுளையைப் பிள்ளைகள் அன்றே தீர்த்துவிட்டார்கள்.

அங்கே முகத்துக்கு நேரே சொல்ல மனம் வராத ஒன்றை எழுதுகிறேன். அக்கா, அந்த நாய் செவிடு. முதல் நாள் மாலையே எனக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் நீங்கள் திண்டுக்கட்டையில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது, நாய் உங்கள் காலடியில் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தது. இருவருக்கும் பின்னால் போய்ப் பித்தளைக் குடத்தைத் தரையில் போட்டேன். நாய் திரும்பவில்லை. நீங்களும்தான் திரும்பவில்லை; டோலிப் பேச்சை எடுத்ததில் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரிடம் கேட்டேன், வெள்ளை ராஜபாளையத்தில் சில பிறவியிலேயே செவிடாக இருக்குமாம். அதனால்தான் அது கூப்பிட்டால் வருவதில்லை. மிராசுதாரை ஏமாற்றியது, உங்களையும் ஏமாற்றியது.

செவிட்டு நாயை நம்பி உங்களை அந்தக் காட்டில் விட்டுவிட்டு நான் இங்கே எப்படித் தூங்குவது? ஒப்பந்தப்படி நாய் தோற்றுவிட்டது. இந்த மாதக் கடைசியில் டோலி வரும். நாயையும் கொண்டு வாருங்கள், பின்கட்டில் கட்டிக்கொள்ளலாம்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. இரண்டு மாதம் இராப்பகலாக உடன் இருந்திருக்கிறீர்கள். பி.ஏ. படித்தவர். அது செவிடு என்று உங்களுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

தங்கள் அன்புத் தம்பி,
மருதாசலம்


வாழவந்தி நாடு
11 மே 1941

தம்பிக்கு,

டோலியை அனுப்பாதே. அனுப்பினால் அதில் ஒரு மூட்டை மிளகை ஏற்றி அனுப்புவேன், விலைக்கு விற்றுக்கொள்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படி. நாய்க்குக் காது இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. எனக்கு ஒத்துப்போக வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஒத்துப்போயிற்று. உன் டியூக்குக்கு இரண்டு காதும் கேட்டன, எனக்கு ஒன்பது வாழைக்கன்று போயிற்று.

அது செவிடு என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். பாவாயியைக் கேட்டேன். அவள் என் எதிரே வந்து நின்று, முகத்தைக் காட்டி, "வந்த அன்னைக்கே தெரியுமுங்கம்மா. உங்களுக்கும் தெரியும்னு இருந்தனுங்க" என்றாள். சின்னுசாமிக்கும் தெரியுமாம்; அவன் தூரத்தில் இருந்து துண்டை ஆட்டித்தான் அதைக் கூப்பிடுகிறான். இங்கே யாரும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டு சபை கூட்டவில்லை. அதற்கு எப்படிச் சொன்னால் புரியுமோ அப்படிச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

பின்கட்டில் கட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். நம் பெரியத்தையை நினைத்துக்கொண்டேன். ஐம்பது வயதில் அவளுக்குக் காது போயிற்று. அதன்பின் சாகும்வரை அதே பின்கட்டில்தான் இருந்தாள். வேளைக்குச் சோறு, தீபாவளிக்குப் புடவை, ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் எதிரிலேயே அவளுடைய ஆயுளைப் பற்றிப் பேசினார்கள். அவள் சிரித்தால் பைத்தியம் என்றார்கள், சிரிக்காவிட்டால் கர்வம் என்றார்கள். வீட்டு விஷயம் எதையும் அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவர்கள் கொடியவர்கள் அல்லர். உன்னைப் போல அன்புள்ளவர்கள். அந்த அன்புக்கு நான் ஆட்படுவதாக இல்லை. இந்த மண்ணில், இந்தச் சரிவில், எனக்குப் பிடித்த நாயோடு நான் இருப்பேன். உனக்குத் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பார்.

உன் கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. நான்கரை வருஷத்துக்கு முன், கார்த்திகையில், எனக்கு மலைக்காய்ச்சல் கண்டது உனக்குத் தெரியும். பிழைத்தது கொயினா மாத்திரையால் என்பதும் தெரியும். அதற்கு நான் கொடுத்த விலை பொன்னம்மாளுக்கும் இந்த மலைக்கும் மட்டும் தெரியும். நீங்கள் யாரும் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை. எவருக்கும் இணங்காதவள் என்று முன்பே பெயர் வாங்கியவள் பதில் சொல்லாமல் இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? நாய் செவிடு என்பது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் அதை ஒரு நாளும் குரல் கொடுத்துக் கூப்பிட்டதில்லை. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, மருதாசலம், என் குரலே எனக்குக் கேட்டதில்லை.

செல்லாத்தாள்