ஓரி என்று எழுதியவன்

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். உன் தைல வாசனை போகவில்லை. காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் உன் ஃப்ளாட்டுக்குக் கீழே உன் காரை லோரியில் ஏற்றினோம். தள்ளும்போது யாராவது ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும், நான் பிடித்தேன். கழுத்து வலிக்கென்று நீ ஓயாமல் தேய்த்துக்கொண்டிருந்த பச்சைத் தைலம் உன் விரலிலிருந்து அந்த மரவளையத்தில் ஊறிப்போயிருக்கிறது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த வாசனைக்கு அது தெரியவில்லை போலும்.

உன் காரை விற்றது நான்தான். நீயும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாய். ஆனால் நீ நினைத்தபடி நான் விற்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறவனைப் பார்த்து நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "எல்லாத்துக்கும் லேட்டுடா நீ" என்பாய். ரயில் ஓட்டியவன் இல்லையா, உனக்கு நேரம்தான் பெரிது.

போன மாதம் கமலா கூப்பிட்டாள். போனேன். உன் மனைவி அவ்வளவு இளைத்து நான் பார்த்ததில்லை. மேசையில் ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து வைத்தாள். பிளாஸ்டிக் உறை போட்டு நீ பத்திரப்படுத்தியிருந்த பழைய செய்தித்தாள் விளம்பரம்.

"இதையே அப்படியே போட்டுருங்கண்ணே," என்றாள். "அவரு சொன்னாரு, நீங்க எழுதுனா போதும், வாங்கறவன் கேள்வியே கேக்க மாட்டான்னு."

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதியது. பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு சீட், சிவப்பு, எல்லாம் ஓரி, நம்பி வாங்கலாம். ஒரிஜினல் என்று முழுதாகச் சொல்ல நம் ஊரில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஓரி என்று சொன்னால் சீனருக்கும் புரியும், மலாய்க்காரருக்கும் புரியும். அந்த விளம்பரத்தில் உண்மை மூன்றே மூன்று. கார் பழையது, சீட் இரண்டு, நிறம் சிவப்பு.

அந்தக் காரின் முன்பாதி ஒரு கார், பின்பாதி வேறொரு கார். கிள்ளானில் ஒரு பங்களாவின் பின்புறம் கிடந்த ஒன்றின் மேல் மரம் விழுந்து பின்பக்கம் நசுங்கிப் போயிருந்தது. அதே மாடலில் இன்னொன்று லோரியில் மோதி முகம் போய், பழைய இரும்புக் கடையில் கிடந்தது. இரண்டையும் சுங்கை வே பட்டறைக்கு இழுத்துவந்து, நடுவில் அறுத்து, நல்ல பாதிகளை ஒன்றாக வெல்டிங் வைத்தேன். கட் அண்ட் ஜாயின் என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்த வேலைதான், மோதினால் ஒட்டில் இரண்டாகப் பிளந்துவிடும் என்பதால் செய்யக்கூடாத வேலை என்பதும் எல்லாருக்கும் தெரியும். சாசி நம்பர் முன்பாதியில் இருந்ததால் காரின் பதிவுப் பத்திரமான கிராண்டில் இருந்ததோடு ஒத்துப்போனது. நம்பர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஆனால் அந்தப் பொய்யை நான் உனக்கு எழுதவில்லை. இதை நீ நம்ப வேண்டும். முகம் தெரியாத எவனோ ஒருவன் வருவான், வாங்குவான், போவான் என்று நினைத்துத்தான் எழுதினேன். வந்தது நீ. ஒரு சனிக்கிழமை, செய்தித்தாளைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வேலைச் சட்டையோடு பட்டறைக்குள் நுழைந்தாய்.

"டேய், இதுல இருக்கறது உன் போன் நம்பர்தானே? என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ ரெண்டு சீட்டு கார வெச்சிக்கிட்டு என்னடா பண்ணப் போற?" என்று கேட்டேன். எப்படியாவது உன்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

"நாள் பூரா கொம்யூட்டர் ரயில்ல ஆயிரம் பேர இழுத்துட்டுப் போறேன். எனக்குன்னு ரெண்டு சீட்டு போதும்லா."

செந்தூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நீ ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தாய். கதவைத் திறந்து மூடினாய். எல்லாம் ஓரியா என்று கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் நீயே பதிலும் சொன்னாய். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்." நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு தலையாட்டல்.

அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் திட்டியிருப்பாய், மூன்றாம் நாள் டீ குடிக்கக் கூப்பிட்டிருப்பாய். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைப் பற்றி உன் முகத்தில் இருந்த எண்ணத்தை என் கையாலேயே அழிக்க மனம் வரவில்லை. வேறு எவனாவது வாங்கிக்கொண்டு போயிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதுவும் உண்மைதான்.

அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை உன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். வேறு யாரிடமும் விடாதே, அவர்களுக்கு இந்தக் காரைப் பற்றித் தெரியாது என்றேன். எண்ணெய் மாற்றுவதாகச் சொல்லிவிட்டு அடியில் படுத்து, டார்ச் அடித்து, அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்ப்பேன். விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். கூலி வாங்க மாட்டேன். நீ அதை நட்பு என்று எடுத்துக்கொண்டாய். கல்யாண வீட்டில், கோயிலில், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாய். "இவன மாதிரி கூட்டாளி கிடைக்க மாட்டான். சொந்தக் கார் மாதிரி பாத்துக்கறான்." நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். நீயும் போவாய். ஒருநாள் என்னையும் அழைத்துப் போனாய். அங்கே வயதான சீன அங்கிள் ஒருவர் குனிந்து, கதவுக்குக் கீழே விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு நிமிர்ந்து மெதுவாக, "பாஸ், இது சம்போங் லா," என்றார். ஒட்டுப் போட்டது என்று மலாயில் சொன்னார். அவர் குரலில் குத்தல் இல்லை. ஒரு டாக்டர் சொல்வதுபோலச் சொன்னார். உனக்குத்தான் முகம் சிவந்தது. என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து, "இவன்தான் எனக்கு வித்தான். இவன் சொன்னா சொன்னதுதான்," என்றாய். அங்கிள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது, அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார். நீ அதோடு அந்தக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாய். ஞாயிற்றுக்கிழமையில் உனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது. எனக்காக விட்டாய்.

கடைசி மாதங்களில் நீ கிள்ளானில் உன் மகள் ஷாலினி வீட்டில் இருந்தாய். டயாலிசிஸுக்கு அங்கிருந்து பக்கம். வாரம் மூன்று நாள், அதில் ஒரு நாள் நான் வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். கை முழுக்க ஊசி குத்திய தடம். ஒரு வியாழக்கிழமை, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கண்ணை மூடியபடியே சொன்னாய்.

"நான் போய்ட்டா கார வித்துரு. கமலாவுக்கு ஓட்டத் தெரியாது. நீயே எழுதிக் குடு."

"இப்ப எதுக்குடா அந்தப் பேச்சு?"

"வேற எவன்கிட்டயும் குடுக்காத. ஏமாத்திருவானுங்க."

அப்போது சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். உன் பெயர்கூட வந்துவிட்டது. அந்த நேரம் நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் அங்கிள் என்றாள். நான் எழுந்து போனேன். அவள் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பிழைத்தேன் என்று நினைத்தேன். அடுத்த வியாழக்கிழமை உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது விளம்பரமெல்லாம் போனில்தான். கமலா வீட்டிலிருந்து கீழே இறங்கி, கார் பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதினேன். எஞ்சின் அந்த முன்பாதியோடு வந்தது, ஓரி. மீட்டர்கள் ஓரி, கடிகாரம் ஓடாது. பெயிண்ட் இரண்டு முறை அடித்தது. சீட் துணி கிள்ளானில் மாற்றியது. இதெல்லாம் எழுதச் சுலபம். கை தயங்காமல் எழுதியது. பிறகு அட்டையை விரித்து அடியில் படுத்து, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் பூசிய கறுப்புத் தாரைச் சுரண்டினேன். ஒட்டு தெரிந்தது. ஓரத்தில் துரு ஏறியிருந்தது, இடப்பக்க சீட்டுக்கு நேர் கீழே, ஒரு விரல் நீளத்துக்கு. படம் பிடித்தேன். கடைசி வரியாக எழுதினேன்: இரண்டு கார்களை அறுத்து ஒட்டியது, ஒட்டியவன் நான், சாலையில் ஓட்ட வேண்டாம்.

போடுவதற்கு முன்னால் மேலே போய்க் கமலாவிடம் வாசித்துக் காட்டினேன். விலை பாதிக்கும் கீழே போகும் என்றும் சொன்னேன். விலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஷாலினிய ஃபோர்ம் ஒன்லேர்ந்து அதுலதான் ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போனாரு," என்றாள்.

"தெரியும் தங்கச்சி. நல்லாத்தான் ஒட்டியிருந்தேன். வருஷா வருஷம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

சொல்லும்போதே என் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

"உங்க பையனும் அப்ப சின்னவன்தானே. அவன ஒரு நாளாச்சும் அதுல ஏத்திவிட்டிருக்கீங்களா அண்ணே?"

நீ எத்தனை முறை கேட்டிருப்பாய். "உன் பையன அனுப்புடா, ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரோம்." அவனும் எத்தனை முறை அழுதிருப்பான். வீட்டுப் பாடம் இருக்கிறது, காய்ச்சல், மழை வருகிறது, அடுத்தவன் காரில் என்ன ஆசை. ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு. அப்போது நான் யோசித்துக்கூடச் சொன்னதில்லை. வாய் தானாகவே சொல்லும். கமலா கேட்கும்வரை, நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும்.

"இல்ல," என்றேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவர்கிட்ட சொல்லுங்க," என்று சுவரில் இருந்த உன் படத்தைக் காட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உன் படத்துக்கு முன்னால் நின்றேன். யூனிஃபார்மில் இருக்கிறாய், சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். படத்துக்கு முன்னால்கூட எனக்கு வாய் வரவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

வாங்கியவன் செராஸ் பக்கம், நாற்பது வயதுக்குள் இருக்கும், நம் ஆள்தான். ஓட்டுவதற்கு இல்லை, தன் காருக்கு உதிரி வேண்டும் என்று பிரிக்க வாங்குகிறான். காலையில் லோரியில் சங்கிலி கட்டி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பத்து வருஷமா பழைய கார் வாங்கறேன் அங்கிள். எல்லாரும் ஓரி ஓரின்னுதான் சொல்வாங்க. அடியில படுத்துப் படம் எடுத்துப் போட்டவரு நீங்க ஒருத்தர்தான். உங்கள மாதிரி நேர்மையான ஆளு இல்ல இப்ப."

நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? கமலா மேல்மாடி நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். இனிமேல் அந்தப் படியில் நான் ஏற முடியாது. அவள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

அந்த ஆள் கொடுத்த நல்ல பேரையும் நீ கொடுத்த பேரையும் நான்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் எனக்குச் சொந்தமில்லை. அதனால் உன் படத்துக்கு முன்னால் வராததை இங்கே எழுதிவிடுகிறேன். டேய், உன் கார் ஓரி இல்லை. முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். பட்டறை வாசலில் ஷாலினி பள்ளி உடுப்போடு இடப்பக்க சீட்டில் ஏறி உட்காருவாள், நீ ஹாரன் அடிப்பாய், அவள் திரும்பி "டாட்டா அங்கிள்" என்பாள். எல்லாம் தெரிந்த நான் நின்று கையசைத்துக்கொண்டிருந்தேன்.